லௌத் விதி: தகுதியும் வரம்பும்

ஆங்கிலத்தில் இருவரை ஒப்பிடும் வாக்கியத்தின் கடைசியில் ஒரு பிரதிப்பெயர் தனியே வந்தால், அது எந்த வடிவில் நிற்க வேண்டும்? ‘ஷி இஸ் ஓல்டர் தேன் ஐ’ என்று எழுவாய் வடிவில் முடிப்பதா, ‘ஷி இஸ் ஓல்டர் தேன் மீ’ என்று செயப்படுபொருள் வடிவில் முடிப்பதா? இரண்டரை நூற்றாண்டுக்கும் மேலாக இலக்கணிகள் இதில் இரு அணியாக நிற்கிறார்கள். ஒற்றைச் சொல்லின் வடிவு பற்றிய வழக்குதான். ஆனாலும் ஓர் இலக்கண விதியை எதைக் கொண்டு எடைபோடுவது என்ற கேள்வி இதில் முழுமையாக அடங்கியிருக்கிறது. விதி தன்னோடு தான் முரண்படாமல் நிற்கிறதா? தேர்ந்த எழுத்தாளர்களின் வழக்கை அது விளக்குகிறதா? கைக்கொள்வோருக்குத் தெளிவு தருகிறதா? இவற்றை இரு தரப்பிடமும் ஒரே கண்டிப்போடு கேட்டாக வேண்டும். இந்த வழக்கில் எழுதியவர்கள் பலரும் எதிர்த்தரப்பிடம் மட்டுமே கேட்டார்கள்.

எழுவாய்த் தரப்பின் வாதம் முழு உருவம் பெற்றது ராபர்ட் லௌத் 1762இல் தன் பெயர் இல்லாமல் வெளியிட்ட ‘எ ஷார்ட் இன்ட்ரடக்‌ஷன் டு இங்கிலிஷ் கிராமர்’ என்ற சிறு நூலில். லௌத் ஆக்ஸ்ஃபோர்டில் கவிதைப் பேராசிரியராக இருந்தவர். எபிரேயக் கவிதையின் கட்டுக்கோப்பு அடிகள் ஒன்றுக்கொன்று இணையாக நிற்பதில் உள்ளது என்பதை நிறுவி 1753இல் லத்தீனில் விரிவுரைகள் வெளியிட்டவர். 1777இல் லண்டன் பிஷப் ஆனவர். ஒப்பீடு பற்றிய அவர் வாதம் ஓர் அடிக்கோளிலிருந்து தொடங்குகிறது: இணைப்புச்சொல்லுக்கு வேற்றுமையை ஆளும் ஆற்றல் கிடையாது. ‘தேன்’, ‘ஆஸ்’ இரண்டும் இணைப்புச்சொற்கள். எனவே அவற்றை அடுத்து வரும் பெயரின் வேற்றுமையை, வெளிப்படையாகவோ தொக்கியோ நிற்கும் வினை அல்லது முன்னிடைச்சொல்லே முடிவு செய்யும். மூத்தவள் யார் என்று சொல்லும் வாக்கியத்தில் ‘ஐ’க்குப் பின்னால் ‘ஆம்’ தொக்கி நிற்கிறது. ஆகவே அங்கே ‘ஐ’தான் சரி. ‘ஹி கேவ் யூ மோர் தேன் மீ’ என்ற வாக்கியத்தில் ‘தேன்’ என்பதற்கும் ‘மீ’ என்பதற்கும் நடுவே ‘ஹி கேவ்’ தொக்கி நிற்கிறது; ஆகவே அங்கே ‘மீ’தான் சரி.

இதன் சிக்கனத்தை முதலில் பாராட்ட வேண்டும். இரு வடிவங்களுக்கு இரு விதிகள் வகுக்காமல், ஒரே கொள்கையிலிருந்து இரண்டையும் பெறுகிறார். மாணவனுக்கு மனப்பாடச் சுமை இல்லை. வாக்கியத்தின் பொருள் தெரிந்தால் வடிவு தெரிந்துவிடும். நம் உரையாசிரியர்கள் ‘வருவித்து உரைத்தல்’ என்று பெயரிட்டுக் காலங்காலமாகச் செய்துவரும் செயல்தான் இது. விதியை இயற்றியவர் ‘மீ’ என்ற வடிவையே துரத்தவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. பிற்காலத்தில் அவர் பெயரால் நடந்த கடுமைகள் பல அவருடையவை அல்ல. வாக்கிய இறுதியில் முன்னிடைச்சொல் வருவதை ஆங்கிலத்தின் இயல்பான நாட்டம் என்று ஏற்றுக்கொண்டவர் அவர். உயர்நடைக்கு அது அவ்வளவாகப் பொருந்தாது என்பதே அவர் கருத்து.

ஆனால் சிக்கனம் வேறு, ஒத்திசைவு வேறு. லௌத்தின் விதி முதலில் விரிசல் காண்பது லௌத்தின் நூலிலேயே. மில்டன் 1667இல் வெளியிட்ட ‘பாரடைஸ் லாஸ்ட்’ காவியத்தின் இரண்டாம் பகுதியில் பெயல்செபூப் எழுந்து பேசும் இடத்தில் ‘தேன் ஹூம்’ என்ற தொடர் வருகிறது. சாத்தானைத் தவிர அவனினும் உயர்ந்த இருக்கையில் எவரும் இல்லை என்பது பொருள். தொக்கிய வினையை வருவித்தால் அங்கே ‘ஹூ’ என்ற எழுவாய் வடிவம்தான் வர வேண்டும். ஆனால் ‘தேன் ஹூ’ என்று எழுதினால் ஆங்கிலச் செவி ஏற்காது. லௌத் இதை நன்றாகவே உணர்ந்திருந்தார். உணர்ந்து, ‘தேன்’ என்பதை அடுத்து வரும் ‘ஹூ’ மட்டும் எப்போதும் செயப்படுபொருள் வடிவிலேயே நிற்கும், அதே இடத்தில் ‘ஹி’ வந்தால் எழுவாய் வடிவில் நிற்கும் என்று விலக்கு எழுதினார். இணைப்புச்சொல்லுக்கு ஆளும் ஆற்றல் இல்லை என்பது அடிக்கோள் என்றால், அங்கே ‘ஹூம்’ வடிவை ஆண்டது எது? விலக்கு இருப்பதால் மட்டும் எந்த விதியும் வீழ்ந்துவிடாது. இந்த விலக்கோ அடிக்கோளையே மறுக்கிறது. ‘தேன்’ ஓரிடத்தில் வேற்றுமையை ஆளும் என்று ஒப்புக்கொண்ட பிறகு, மற்ற இடங்களில் ஆளவே ஆளாது என்று சொல்ல அவரிடம் காரணம் எதுவும் மிஞ்சவில்லை.

வருவித்தல் என்ற முறையை இன்னும் சில வாக்கியங்களில் இட்டுப் பார்க்கலாம். ‘இட் இஸ் லாங்கர் தேன் டென் மீட்டர்ஸ்’. இங்கே எந்த வினையை வருவிப்பது? பத்து மீட்டர் ‘இருக்கிறது’ என்று சேர்த்தால் வாக்கியம் பொருளற்றுப் போகிறது. ‘தேன்’ இங்கே ஒரு பெயர்த்தொடரை நேராகத் தாங்கி நிற்கிறது; அதன் பின்னே ஒளிந்திருக்கும் துணைவாக்கியம் எதுவும் இல்லை. ‘ஹூ இஸ் ஷி ஓல்டர் தேன்?’ என்ற கேள்வி இன்னும் வலுவான சான்று. ஒரு துணைவாக்கியத்தின் எழுவாயை முன்னே இழுத்துவிட்டு, இணைப்புச்சொல்லை மட்டும் கடைசியில் தனியே தொங்கவிட ஆங்கிலம் அனுமதிப்பதில்லை. முன்னிடைச்சொல்லைத் தொங்கவிட அனுமதிக்கும். இந்தக் கேள்வியை ஆங்கிலம் தாய்மொழியானவர்கள் தடையின்றிக் கேட்கிறார்கள். அப்படியானால் அவர்கள் நாவில் ‘தேன்’ முன்னிடைச்சொல்லாகவும் இயங்குகிறது.

ஒரே சொல் இரு வேலை பார்ப்பது ஆங்கிலத்துக்குப் புதிதும் அல்ல. ‘பிஃபோர் ஐ கேம்’ என்பதில் ‘பிஃபோர்’ துணைவாக்கியத்தைத் தொடங்குகிறது; ‘பிஃபோர் மீ’ என்பதில் பிரதிப்பெயரை ஆளுகிறது. ‘ஆஃப்டர்’, ‘சின்ஸ்’ போன்றவையும் இப்படியே. ‘ஷி அரைவ்ட் பிஃபோர் மீ’ என்று எழுதிய மாணவனை எந்த ஆசிரியரும், தொக்கிய வினையை வருவித்து ‘பிஃபோர் ஐ’ என்று திருத்து என்று சொன்னதில்லை. ஒரே அமைப்புடைய இரு சொற்களில் ஒன்றுக்கு உரிமையும் மற்றொன்றுக்குத் தடையும் விதிப்பதற்கு இலக்கண நியாயம் வேண்டும். லௌத்திடமும் அவரைப் பின்பற்றியவர்களிடமும் அந்த நியாயம் காணப்படவில்லை.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பையும் நிறுத்தி விசாரிக்க வேண்டும். ‘தேன்’ முழுக்க முழுக்க ‘பிஃபோர்’ போன்றதுதான் என்றால், ‘பிஃபோர் ஐ’ என்று வினையின்றி முடியும் வாக்கியம் இல்லாதது போல ‘தேன் ஐ’ என்று முடியும் வாக்கியமும் இருக்கக் கூடாது. இருக்கிறது. செல்வாக்குள்ள நூல்களில், நல்ல நடையில், பல நூற்றாண்டுகளாக இருக்கிறது. 1611ஆம் ஆண்டு ஆங்கில விவிலியத்தில் யோவான் 14:28இல், பிதா தன்னிலும் பெரியவர் என்று இயேசு சொல்லும் இடத்தில் ‘ஐ’ என்ற எழுவாய் வடிவமே நிற்கிறது. அதை லௌத் கண்டுபிடித்துத் திணிக்கவில்லை. அவர் பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அச்சேறியது. ‘தேன்’ வெறும் முன்னிடைச்சொல் என்று முடிப்பவர்கள் இந்த வடிவத்துக்கு விளக்கம் தர முடியாது. வினை தொக்கிய வாக்கியம் ஆங்கிலத்தில் உண்மையாகவே உண்டு. அந்த அளவில் லௌத்தின் பகுப்பாய்வு சரியானது. எல்லா இடத்துக்கும் அதுவே என்று விரித்ததில்தான் தவறியது.

அதே 1611 விவிலியத்தில் நீதிமொழிகள் 27:3ஐப் பாருங்கள். கல்லும் மணலும் பாரமானவை, மூடனின் கோபமோ அவ்விரண்டிலும் பாரமானது என்ற ஒப்பீடு. அங்கே ‘தேன்’ என்பதை அடுத்து வருவது ‘தெம்’ என்ற செயப்படுபொருள் வடிவம். அதைத் தொடர்ந்து ‘போத்’. ஏன் ‘தே’ வரவில்லை என்பதற்கு மொழிக்குள்ளேயே காரணம் உண்டு. ‘போத்’, ‘ஆல்’ போன்ற சொற்கள் பிரதிப்பெயரைத் தொடரும்போது வினை இல்லாத எழுவாய் வடிவம் காலூன்ற முடியாமல் தவிக்கிறது. ‘வைசர் தேன் அஸ் ஆல்’ என்பது இயல்பாக ஓடும். ‘வைசர் தேன் வீ ஆல்’ என்று நிறுத்தினால் செவி அடுத்த சொல்லுக்காகக் காத்திருக்கும். எபிரேயக் கவிதையின் இணையடிகளைத் துல்லியமாகக் கேட்ட லௌத்தின் செவிக்கு இது கேட்காமல் போயிருக்க வாய்ப்பில்லை என்றே நினைக்கிறேன். கேட்டதைக் கொள்கைக்குள் அடக்க அவர் முறையில் இடம் இருக்கவில்லை.

முறை என்று சொன்னதால் அதையும் எடைபோட வேண்டும். லௌத் தன் அடிக்குறிப்புகளில் ஆங்கிலத்தின் தலைசிறந்த ஆசிரியர்களின் வாக்கியங்களை எடுத்துக்காட்டிப் பிழை சுட்டினார். கவிஞர் போப்புக்கு எழுதிய கடிதம் ஒன்றில் ‘தேன் மீ’ என்று எழுதியதற்காக ஜொனாதன் ஸ்விஃப்ட் குற்றம் சாட்டப்படுகிறார். சான்றோடு பேசிய இந்த நேர்மை அவருக்கு முந்தைய இலக்கண நூல்களில் அரிது; அது அவருடைய பெருமை. ஆனால் சான்றுகளை அவர் கையாண்ட விதத்தில் ஒரு பெரும் குறை உண்டு. விதிக்கு இசையும் வழக்கு அதிகாரம் பெறுகிறது. இசையாத வழக்கு பிழைப் பட்டியலுக்குப் போகிறது. இப்படிப் பிரித்தால் எந்த விதியும் எந்தச் சான்றாலும் பொய்க்காது. ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தின் முதல் அங்கத்தில் காசியஸ் ‘தேன்’ என்பதை அடுத்து ‘மீ’ என்கிறான். ‘ஆன்டனி அண்ட் கிளியோபாட்ரா’வில் எகிப்து அரசி தன் போட்டியாளரின் உயரத்தைத் தன்னோடு ஒப்பிட்டுத் தூதனைக் கேட்கும்போது ‘ஆஸ் மீ’ என்கிறாள். ஷேக்ஸ்பியர், விவிலிய மொழிபெயர்ப்பாளர்கள், ஸ்விஃப்ட் ஆகிய அனைவரும் ஒரே இடத்தில் ஒரே வகையில் ‘பிழை’ செய்கிறார்கள் என்றால், அளவுகோலைத்தான் முதலில் சோதித்திருக்க வேண்டும்.

லௌத்தின் நூலுக்கு ஓராண்டு முன்னால், 1761இல், ஜோசஃப் பிரீஸ்ட்லி தன் இலக்கண நூலை வெளியிட்டிருந்தார். பின்னாளில் ஆக்ஸிஜனைப் பிரித்துக் காட்டிய அதே பிரீஸ்ட்லிதான். மொழிக்கு நியாயமான அளவுகோல் மக்கள் வழக்கு ஒன்றே என்பது அவர் நிலை. ‘இட் இஸ் ஐ’ என்றுதான் சொல்ல வேண்டும் என இலக்கணிகள் ஒருமித்துச் சொன்னபோது, சிறந்த எழுத்தாளர்களின் வழக்கு அதற்கு மாறாக இருப்பதை எடுத்துக்காட்டி அந்த விதியையே ஐயப்பட்டார். முறையில் அவர் லௌத்தைவிட ஒரு படி மேலானவர். சான்று கொள்கையைத் திருத்த அவர் வழிவிட்டார். ஆனால் வழக்கே இரண்டாகப் பிரிந்து நிற்கும் இடத்தில் வழக்கைப் பின்பற்று என்ற அறிவுரை எந்த வழியையும் காட்டாது. யோவான் 14:28இலும் வழக்குதான் இருக்கிறது, நீதிமொழிகள் 27:3இலும் வழக்குதான் இருக்கிறது. பள்ளிகள் பிரீஸ்ட்லியைக் கைவிட்டு லௌத்தைப் பற்றிக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பள்ளிக்கு ஒற்றை விடை வேண்டும். லிண்ட்லி மரே 1795இல் யார்க் நகரிலிருந்து வெளியிட்ட இலக்கண நூல் பெரும்பாலும் லௌத்தின் சாரம். அது அட்லாண்டிக் கடலின் இரு கரைப் பள்ளிகளையும் ஆண்டது. லௌத் அடிக்குறிப்புகளில் விவாதித்தவை மரேயிடம் சட்டங்களாக இறுகின.

லத்தீனைப் பார்த்துத்தான் இந்த விதியைச் செய்தார்கள் என்று சொல்வது வழக்கம். அப்படியே இருந்தாலும் லத்தீன் அவர்களுக்கு முழுத் துணை நிற்காது. லத்தீனில் ஒப்பீட்டுக்கு இரண்டு வழிகள் உண்டு. ‘க்வாம்’ என்ற இணைப்புச்சொல்லை இட்டு இரு பக்கப் பெயரையும் ஒரே வேற்றுமையில் நிறுத்துவது ஒன்று. இணைப்புச்சொல்லே இல்லாமல், எதனோடு ஒப்பிடுகிறோமோ அதை நீங்கல் வேற்றுமையில் வைப்பது மற்றொன்று. பழைய ஆங்கிலத்திலும் ஒப்பீட்டுப் பொருளை நான்காம் வேற்றுமையில் வைக்கும் வழி இருந்தது. பிரெஞ்சுக்காரர் ‘க மொவா’ என்று எழுவாய் அல்லாத வடிவையே சொல்கிறார். ஜெர்மானியர் ‘ஆல்ஸ் இஹ்’ என்று எழுவாயில் நிற்கிறார். ஸ்வீடன் நாட்டு இலக்கணிகள் நம்மைப் போலவே இரு வடிவங்களுக்கும் நடுவே நின்று வாதிட்டிருக்கிறார்கள். இதில் எந்த ஒரு வழியையும் தருக்கம் கட்டாயமாக்கவில்லை. தருக்கத்தின் பெயரால் ‘தேன் மீ’ என்பதைத் தள்ளுபவர்கள் ஒரு மொழியின் ஒரு வழியைத்தான் தருக்கம் என்று அழைக்கிறார்கள்.

எழுவாய்த் தரப்பிடம் மிஞ்சியிருக்கும் சிறந்த வாதம் தெளிவு பற்றியது. அதை ஹென்றி ஃபௌலர் 1926இல் வெளியிட்ட மொழிவழக்கு அகராதியில் திறமையாக முன்வைத்தார். ‘தேன்’ முன்னிடைச்சொல்லாகவும் இயங்கலாம் என்று அனுமதித்தால், இதுவரை ஒரே பொருள் தந்த வாக்கியங்கள் இரு பொருள் தரத் தொடங்கும் என்பது அவர் கவலை. ‘ஷி லைக்ஸ் ஹிம் மோர் தேன் ஐ’ என்றால், எனக்கு அவன்மேல் உள்ள விருப்பத்தைவிட அவளுக்கு அதிகம். ‘ஷி லைக்ஸ் ஹிம் மோர் தேன் மீ’ என்றால், அவளுக்கு என்மேல் உள்ளதைவிட அவன்மேல் அதிகம். லௌத் விதி காக்கப்பட்டால் இந்த வேறுபாடு ஒற்றை எழுத்தில் நிலைபெறும். இது வெறும் மரபுப்பற்று இல்லை; பொருளைக் காக்கும் அக்கறை. இதை எளிதாகத் தள்ளிவிடுவோர் ஃபௌலரை வாசிக்காதவர்கள்.

ஆயினும் இந்தக் காவல் எத்தனை வாசல்களில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுவாய்க்கும் செயப்படுபொருளுக்கும் தனித்தனி வடிவம் கொண்டவை நான், அவன், அவள், நாம், அவர்கள் என்ற பொருள் தரும் ஐந்து பிரதிப்பெயர்களும் ‘ஹூ’வும்தான். ‘யூ’, ‘இட்’ இரண்டும் மாறுவதில்லை. பெயர்ச்சொற்கள் எதுவும் மாறுவதில்லை. ‘ஷி லைக்ஸ் ஹிம் மோர் தேன் ரவி’ என்ற வாக்கியத்தில் அதே ஐயம் அப்படியே இருக்கிறது; லௌத் விதி அங்கே எட்டிப் பார்க்காது. பெயர்ச்சொற்களோடு இந்த ஐயத்தை ஆங்கிலம் எப்படித் தீர்க்கிறதோ அப்படியே பிரதிப்பெயரோடும் தீர்க்கலாம்: ‘தேன் ரவி டஸ்’, ‘தேன் ஐ டூ’ என்று வினையை வெளிப்படையாக எழுதிவிடலாம். இன்னொரு குறை இதைவிட ஆழமானது. ஒற்றை எழுத்தால் பொருள் பிரிய வேண்டுமானால், எழுதுபவரும் வாசிப்பவரும் ஒரே விதியைக் கைக்கொள்கிறார்கள் என்ற உறுதி வேண்டும். அந்த உறுதி என்றோ போய்விட்டது. ‘ஐ’ என்பதே உயர்வான வடிவம் என்று மட்டும் பாடம் கற்றவர்கள், ‘மீ’ வர வேண்டிய இடத்திலும் ‘ஐ’ எழுதுகிறார்கள். ‘ஹி ட்ரஸ்ட்ஸ் யூ மோர் தேன் ஐ’ என்று ஒருவர் எழுதினால், அவர் விதி அறிந்து எழுதினாரா, ‘மீ’க்கு அஞ்சி எழுதினாரா என்று வாசகர் எப்படி அறிவார்? தெளிவுக்காகப் போற்றப்பட்ட விதி, தவறாகக் கற்பிக்கப்பட்ட இடங்களில் தெளிவைக் கெடுக்கும் காரணமாகிறது. இந்தப் பழியை முழுவதும் இலக்கணிகள்மேல் சுமத்த இயலாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். முன்னிடைச்சொல்லுக்குப் பின் ‘ஐ’ வரும் ‘பிட்வீன் யூ அண்ட் ஐ’ ஷேக்ஸ்பியரின் ‘மெர்ச்சன்ட் ஆஃப் வெனிஸ்’ நாடகத்திலேயே இருக்கிறது. லௌத் எழுதுவதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே.

தமிழ் வாசகருக்கு இந்த ஐயம் பழகிய ஒன்று. ‘அவள் என்னைவிடத் தம்பியை நம்புகிறாள்’ என்ற வாக்கியம் இரு பொருளும் தரும்: நான் தம்பியை நம்புவதைவிட அவள் நம்புகிறாள், அல்லது அவள் என்னை நம்புவதைவிடத் தம்பியை நம்புகிறாள். ‘என்னைவிட’ என்ற வடிவம் எது என்று காட்டாது. சூழல் காட்டும். சூழல் போதாதபோது ‘நான் நம்புவதைவிட’ என்று வினையைச் சேர்த்து எழுதுகிறோம். ஒப்புப் பொருளை ஐந்தாம் வேற்றுமைக்குள் நீங்கலோடு சேர்த்து வைத்த நன்னூலார் வழியிலும், ஒப்பிடப்படும் பெயர் எழுவாயாக நிற்பதில்லை. ஆகவே நம் பிள்ளைகள் ‘தேன் மீ’ என்று எழுதும்போது, அது தாய்மொழி வழக்கை ஆங்கிலத்தில் புகுத்திய பிழை என்று சில ஆசிரியர்கள் விளக்குகிறார்கள். அந்த விளக்கம் நிற்காது. ஆங்கிலமே தாய்மொழியானவர்கள் வீட்டிலும் வீதியிலும் சொல்வதும் ‘தேன் மீ’தான். தமிழ்ப் பிள்ளை இங்கே ஆங்கிலத்தை விட்டு விலகவில்லை.

நம் பள்ளிகளுக்கு லௌத் வந்து சேர்ந்தது ரென், மார்ட்டின் இருவரின் பாடநூல் வழியாக. 1930களில் இந்தியப் பள்ளிகளுக்கென்றே வெளிவந்த ‘ஹை ஸ்கூல் இங்கிலிஷ் கிராமர் அண்ட் காம்போசிஷன்’ இன்றும் நம் வீடுகளின் அலமாரிகளில் இருக்கிறது. ‘போ ஜெஸ்ட்’ நாவலை எழுதிய பி. சி. ரென்தான் இந்த ரென் என்பது பலருக்குத் தெரியாது. ஒப்பீட்டில் பிரதிப்பெயரின் வேற்றுமையை, மனத்துக்குள் வினையைச் சேர்த்துப் பார்த்து முடிவு செய் என்று அந்நூல் சொல்கிறது. கற்பிக்கும் உத்தி என்ற அளவில் இதற்கு ஈடான ஒன்றை நான் கண்டதில்லை. மாணவனை வாக்கியத்தின் பொருளுக்குள் போகச் செய்கிறது. யார் செய்தார், யாருக்குச் செய்தார் என்று கேட்க வைக்கிறது. ஸ்டிரங்க், வைட் இருவரின் ‘தி எலிமென்ட்ஸ் ஆஃப் ஸ்டைல்’ கைநூலும் தொக்கிய வினையின் எழுவாயாக நிற்கும் பிரதிப்பெயர் எழுவாய் வடிவிலேயே வர வேண்டும் என்கிறது. ஆனால் காரணம் சொல்லும் பொறுமை அதற்கு இல்லை. இந்த வரிசையில் ரென்–மார்ட்டின் உயர்ந்து நிற்பது சோதித்துப் பார்க்கும் கருவியை மாணவன் கையில் கொடுத்ததால். அந்தக் கருவியை விடைத்தாளின் தண்டனைக் கோலாக மாற்றியது பின்வந்த வினா வங்கிகளும் வழிகாட்டி நூல்களும்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த பெரும் விளக்க இலக்கணங்கள் வழக்கின் சான்றுகளைப் பேரளவில் திரட்டின. குவர்க் முதலிய நால்வர் 1985இல் வெளியிட்ட நூலும், ஹடில்ஸ்டன், புல்லம் இருவரின் தலைமையில் 2002இல் கேம்பிரிட்ஜ் வெளியிட்ட, 1,800 பக்கங்களைத் தாண்டிய நூலும் இவற்றில் முதன்மையானவை. தனியே நிற்கும் பிரதிப்பெயரைச் சுருங்கிய துணைவாக்கியம் என்று கொள்ளத் தேவையில்லை, ‘தேன்’ அதை நேராகவே ஏற்கலாம் என்பதற்கு ஹடில்ஸ்டன், புல்லம் தரும் வாதங்கள் இந்தத் துறையில் எழுதப்பட்டவற்றுள் மிகக் கூர்மையானவை. லௌத்தின் அடிக்கோளை அவர்கள் வழக்கால் மட்டும் மறுக்கவில்லை, அமைப்பால் மறுத்தார்கள். அதுவே பிரீஸ்ட்லியால் செய்ய முடியாமல் போனது. ஆனால் இரு வடிவங்களையும் ‘முறைசார் நடை’, ‘இயல்பு நடை’ என்று பிரித்து வைப்பதோடு இந்த மரபு நின்றுவிடுவது எனக்கு நிறைவு தரவில்லை. அது வழக்கை உள்ளபடி சொல்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. எழுதுபவர் எதிரே இருக்கும் தேர்வு அதைவிட வளமானது.

‘தேன் ஐ ஆம்’ என்று வினையோடு முடிக்கும் வடிவம் எல்லா நடைக்கும் பொருந்தும். கைநூல்கள் பல இதைச் சண்டையிலிருந்து தப்பும் குறுக்குவழியாகச் சொல்கின்றன. இரு தரப்பையும் பகைக்காமல் நழுவும் உபாயம் என்பது போல. அந்த மதிப்பீடு தவறு. ஒப்பீட்டின் இரண்டாம் பாதியில் காலம் மாறலாம்: ‘ஷி இஸ் வைசர் தேன் ஐ வாஸ்’. துணைவினை மாறலாம்: ‘தேன் ஐ குட் பி’. இந்த நுட்பங்களைச் சொல்ல வினை வேண்டும். தனித்த ‘ஐ’யோ தனித்த ‘மீ’யோ இதைச் செய்யாது. வினையை எழுதும் பழக்கம் கைவந்தவர், ஒப்பிடும்போது எதை எதனோடு ஒப்பிடுகிறோம் என்று ஒவ்வொரு முறையும் தீர்மானித்தே எழுதுவார். லௌத் மாணவனிடம் எதிர்பார்த்த ஒழுங்கு உண்மையில் இதுதான். அவர் தொக்க வைத்த வினையை எழுதி வைத்தால் அவர் விதியின் நன்மை முழுவதும் கிடைக்கும், அதன் தண்டனை தேவைப்படாது.

ஆகவே என் தீர்ப்பு இரு கூறாக நிற்கிறது. பொருளைச் சோதிக்கும் முறையாக லௌத் விதிக்கு முழு மதிப்பெண் தருகிறேன். ‘தேன் மீ’ என்பதைப் பிழை என்று விலக்கும் சட்டமாக அதை ஏற்க மறுக்கிறேன். அதன் அடிக்கோள் தன் நூலிலேயே உடைகிறது, மேலோர் வழக்கில் பாதியை அது விளக்கவில்லை, தெளிவைப் பாதி வாசல்களில் மட்டுமே காக்கிறது. ‘தேன் ஐ’ எழுதுவோருக்கும் மரபின் உரிமை உண்டு. அதை மிடுக்கு என்று தள்ளும் இக்காலப் போக்கிலும் நியாயம் இல்லை. கூடாதது ஒன்று: அந்த வடிவத்துக்கு மற்றதைவிட அறிவுயர்வு இருப்பதாகக் கற்பிப்பது.

இந்தத் தீர்ப்பு முதலில் செல்ல வேண்டிய இடம் வினாத்தாள். ‘ஷி இஸ் ஓல்டர் தேன்’ என்று எழுதி, கோடிட்ட இடத்துக்கு ‘ஐ’, ‘மீ’ இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று கேட்கும் வினா குறையுள்ள வினா. இரு விடையும் நிற்கும் இடத்தில் ஒன்றுக்கு மதிப்பெண் தந்து மற்றொன்றுக்கு மறுப்பது மாணவனின் அறிவை அளக்காது. அதை நீக்கிவிட்டு ‘ஹி ட்ரஸ்ட்ஸ் யூ மோர் தேன்’ என்ற வாக்கியத்தைக் கொடுக்கலாம். அவன் என்னை நம்புவதைவிட உன்னை அதிகம் நம்புகிறான் என்ற பொருளையும் சேர்த்துக் கொடுத்து, அந்தப் பொருள் வருமாறு முடிக்கச் சொல்லலாம். ‘மீ’ எழுதிய மாணவனுக்கும், ‘ஹி டஸ் மீ’ என்று வினையோடு முடித்த மாணவனுக்கும் மதிப்பெண் உண்டு. ‘ஐ’ எழுதியவனுக்கு இல்லை. பொருளை அவன் மாற்றிவிட்டான்.